மாடு காபிமிக்ஸ் குடிக்காது



போன சித்திரையில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். திஞ்சான் நாட்கள். மாவ்பியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் வாசலில் வழக்கம்போலத் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தோம். இரண்டு மண்பானை, மேலே மூடி, சங்கிலியில் கட்டிய எவர்சில்வர் டம்ளர். அவ்வளவுதான். பர்மியர்கள் தெருவோரம் பானை வைக்கிற யேச்சான்சின்னும் நம்முடைய தண்ணீர்ப் பந்தலும் ஒரே தர்மம்தான். தாகத்தோடு வருகிறவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் தண்ணீர் கொடுக்கிற தர்மம்.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் 12 வயதுப் பெண் ஒருத்தி பானையை நிரப்ப எனக்கு உதவிக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்:

"சயா, இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

(வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பர்மாவில் ஆசிரியரை 'சயா' என்றுதான் கூப்பிடுவோம்.)

"பின்னால இருக்கிற கெணத்துலேருந்துதாம்மா."

"கக்கூசும் பின்னாலதானே இருக்கு, சயா?"

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு பேரும் பின்னால் போய்ப் பார்த்தோம். கிணற்றின் சுவரிலிருந்து கழிப்பறைக் குழி வரைக்கும் நடந்து எண்ணினோம். 14 எட்டு. சுமார் 35 அடி. கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 100 அடியாவது இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மண்ணைப் பொறுத்து அது கூடும், குறையும். எப்படிப் பார்த்தாலும் 35 அடி கிட்டத்தில்தான்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரை நான் 50 வருஷமாகக் குடிக்கிறேன். ஒரு நாளும் நான் அந்த 14 எட்டை எண்ணிப் பார்த்ததில்லை.

பாட்டில் கறுத்தது

சென்னையிலிருந்து வந்த என் மருமகன் ஒருவன், கேட்டதும் சில சோதனைக் குப்பிகளை வாங்கி வந்தான். எச்2எஸ் சோதனை என்று பெயர். 1982இல் இந்திய விஞ்ஞானிகள் உருவாக்கிய முறை. குப்பிக்குள் மருந்து தோய்த்த ஒரு காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, நம் ஊர் வெயில் சூட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். மலத்தோடு தொடர்புள்ள கிருமிகள் இருந்தால் தண்ணீர் கறுத்துவிடும். ஆய்வகம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத நம் ஊருக்கு ஏற்ற சோதனை.

மறுநாள் காலையில் குப்பி மைபோலக் கறுத்திருந்தது.

கோயில் கமிட்டியில் காட்டினேன். பெரியவர் ஒருவர் உடனே சொன்னார்: "அது மாட்டுச் சாணியா இருக்கும்பா. தொழுவம் பக்கத்துல இருக்கே. இல்லாட்டி காக்கா எச்சம்." இன்னொருவர், "காய்ச்சிக் குடிச்சாப் போச்சு" என்றார். கடைசியில், பந்தலுக்கு 20 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் பாட்டில் வாங்குவது என்று முடிவானது. கூட்டம் முடிந்தது. எல்லாருக்கும் நிம்மதி.

எனக்கு நிம்மதி இல்லை. பந்தலுக்கு பாட்டில் வந்துவிட்டது, சரி. ஆனால் அதே நிலத்தடி நீரைத்தானே அந்தத் தெருவில் பத்து, பதினைந்து குடும்பங்கள் இறைத்துக் குடிக்கின்றன? அவர்களுக்கு யார் பாட்டில் வாங்கித் தருவார்கள்? அதைவிடப் பெரிய விஷயம், பெரியவர் சொன்னதை மறுக்க என் கையில் ஒன்றுமில்லை. கறுத்த குப்பி 'அழுக்கு இருக்கிறது' என்று சொல்லும். யாருடைய அழுக்கு என்று சொல்லாது. மாட்டுக் குடலிலும் அந்த வகைக் கிருமி உண்டு, பறவைக் குடலிலும் உண்டு. மாடு காரணமென்றால் தொழுவத்தை மாற்றினால் போதும். கழிப்பறை காரணமென்றால் குழியைத் தோண்டி மூட வேண்டும், காசு செலவாகும், பக்கத்து வீடுகளோடும் பேச வேண்டியிருக்கும். அதனால்தான் மாட்டைக் குற்றம் சொல்வது எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது.

அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது ஒன்று தோன்றியது. மாடு காபிமிக்ஸ் குடிக்காது.

மனிதனை மட்டும் காட்டிக்கொடுக்கும் பொருட்கள்

நம் ஊரில் காலையில் எழுந்தால் காபிமிக்ஸ், பத்து மணிக்கு ஒரு காபிமிக்ஸ், விருந்தாளி வந்தால் இன்னொன்று. அதில் உள்ள காஃபீனில் ஒரு சிறு பங்கு உடலில் சிதையாமல் சிறுநீரில் வெளியே போகிறது. கிணற்று நீரில் காஃபீன் இருந்தால் அது மாட்டிடமிருந்தோ காக்கையிடமிருந்தோ வந்திருக்க முடியாது. நம்மிடமிருந்துதான் வந்தது. மேலும், காஃபீன் மண்ணிலும் கழிவுநீரிலும் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே அது அகப்பட்டால், கழிவு பக்கத்திலிருந்து புதிதாக வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு நேர் எதிரான பொருளும் உண்டு. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமாசெபின் மாத்திரை எளிதில் சிதையாது. சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டிப் போகும். அது அகப்பட்டால், கழிவு பழையதாகவோ தூரத்திலிருந்து வந்ததாகவோ இருக்கலாம். சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் செயற்கை இனிப்புகளும் அப்படித்தான். அசெசல்ஃபேம் என்ற இனிப்பை நம் உடல் ஒன்றுமே செய்வதில்லை. உள்ளே போனது அப்படியே வெளியே வந்துவிடும். 2009இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், நிலத்தடி நீரில் வீட்டுக் கழிவு கலந்திருக்கிறதா என்பதை இந்த இனிப்பை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள்.

ஜெர்மனியில் வளரும் பிள்ளைகளே, உங்கள் ஊர்க் கதை இன்னும் சுவையானது. 1990களின் தொடக்கத்தில் பெர்லினில் சில வேதியியலாளர்கள் நிலத்தடி நீரில் களைக்கொல்லியைத் தேடினார்கள். அகப்பட்டது கிளோஃபிப்ரிக் அமிலம். ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உடலில் சிதைந்து வருகிற பொருள் அது. பிறகு குழாய் நீரிலும் இருந்தது. பெர்லின் தன் குடிநீரில் பெரும் பகுதியை ஆற்றங்கரை, ஏரிக்கரைக் கிணறுகளிலிருந்து எடுக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரும் அதே நீர்நிலைகளுக்குத்தான் போகிறது. நகரம் விழுங்கிய மாத்திரை சுற்றிக்கொண்டு அதே நகரத்தின் டம்ளருக்கே வந்துவிட்டது.

அடுத்தது எம்.ஆர்.ஐ ஸ்கேன். ஸ்கேன் எடுக்கும்போது சில நோயாளிகளுக்கு கடோலினியம் கலந்த ஊசி போடுவார்கள். ஒரு நாளுக்குள் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். சுத்திகரிப்பு நிலையம் அதைப் பிடிப்பதில்லை. 1996இலேயே ஜெர்மன் ஆறுகளில் இந்த மருத்துவ கடோலினியத்தைக் கண்டார்கள். 2019இல் வந்த ஆய்வில், ஜெர்மனியின் பெரிய நகரங்களில் உள்ள துரித உணவுக் கடைகளில் ஊற்றிக் கொடுக்கும் கோலாவிலேயே அது இருந்தது. கடையில் கோலாவைக் குழாய் நீரோடு கலந்துதானே கொடுக்கிறார்கள்! அந்த அளவு உடம்புக்குக் கெடுதல் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து உங்கள் கப்புக்கு என்று ஒரு பாதை திறந்திருக்கிறது என்பதை அது நிரூபித்துவிட்டது. கடோலினியம் வர முடிந்த பாதையில் வேறு எது வேண்டுமானாலும் வரலாம்.

என் அப்பாவின் காவிரி

ஜெர்மனிக்காரர்கள் கதை நமக்கு எதற்கு என்று சொல்லாதீர்கள். நம் ஆற்றுக் கதையும் இருக்கிறது.

என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சிறுவனாகக் கப்பலேறி ரங்கூனுக்கு வந்தவர். 'காவிரித் தண்ணி குடிச்ச உடம்புடா இது' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் லிகி பிலிப் தலைமையில் ஒரு குழு அந்தக் காவிரியை ஆராய்ந்தது. ஆற்றின் போக்கில் 22 இடங்களில், இரண்டு வருஷம், பருவத்துக்குப் பருவம் நீரெடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவுகள் வெளிவந்தன. வலிக்குப் போடும் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக். ரத்த அழுத்தத்துக்குப் போடும் அட்டெனோலால். மேலே சொன்ன கார்பமாசெபின். கிருமிகளைக் கொல்லும் சிப்ரோஃப்ளாக்சசின். கூடவே நம் காஃபீன். எல்லாம் காவிரியில்.

அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. அது ஏதோ தொழிற்சாலை விஷப் பட்டியல் போல இல்லை. என் வீட்டு அலமாரியில் இருக்கும் டப்பா போல இருந்தது. மூட்டுவலிக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. கரையோர ஊர்களின் வீட்டு அலமாரி எல்லாம் ஆற்றில் கரைந்திருக்கிறது.

சரி, இதனால் உடம்புக்கு என்ன?

இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. வாட்ஸ்அப்பில் வருகிற 'தண்ணீரில் விஷம்' செய்திகளை நீங்கள் நம்பவும் வேண்டாம்.

குடிநீரில் அகப்படும் மருந்துகளை நானோகிராம் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு லிட்டரில் ஒரு நானோகிராம் என்றால், 100 கோடி லிட்டரில் ஒரு கிராம். மாவ்பி வட்டாரத்தில் பூஜி நீர்த்தேக்கம் இருக்கிறதே, அங்கிருந்து யாங்கோன் நகரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 கோடி 40 லட்சம் கேலன் எடுக்கும் திட்டம். லிட்டரில் சொன்னால் சுமார் 24 கோடி. அப்படியானால், நாலு நாள் நகரத்துக்குப் போகும் தண்ணீர் முழுவதிலும் ஒரே ஒரு கிராம் பொடியைக் கரைத்தது போல. அவ்வளவு கொஞ்சம்.

உலக சுகாதார நிறுவனம் 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. குடிநீரில் இந்த அளவு மருந்தால் மனிதருக்குக் கெடுதல் வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு, எல்லா நாடும் இதை வழக்கமாகச் சோதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்றது. ஏழை நாடுகள் முதலில் கிருமிகளைக் கவனிக்கட்டும் என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. 2024 மழைக்காலத்தில் யாங்கோன் பக்கம் காலரா வந்ததே, அதற்குக் காரணம் மருந்து இல்லை, கிருமி.

ஆனால் நான் மருந்தை விஷம் என்று சொல்லித் தேடச் சொல்லவில்லை. சாட்சி என்று சொல்லித் தேடச் சொல்கிறேன். காலராக் கிருமி எந்த வழியாகக் கிணற்றுக்கு வரும்? கழிப்பறையின் வழியாக. அந்த வழி திறந்திருக்கிறதா என்பதை, காலரா வந்து பிள்ளைகள் படுக்கையில் விழுவதற்கு முன்பே, காஃபீன் சொல்லிவிடும். கிருமி வந்தும் போயும் இருக்கும். இன்றைக்கு எடுத்த குப்பியில் இல்லாமல் நாளைக்கு இருக்கும். நாமோ தினமும் காபி குடிக்கிறோம், தினமும் மாத்திரை போடுகிறோம். நம் சாட்சி தினமும் வேலைக்கு வரும்.

'கொஞ்சம்தானே' என்று சொல்ல முடியாத இடமும் உண்டு. ஹைதராபாத் பக்கத்தில் பட்டான்செருவு என்ற ஊர். சுமார் 90 மருந்து உற்பத்தியாளர்களின் கழிவுநீர் ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர் ஜோக்கிம் லார்சன் குழு அந்த நிலையத்திலிருந்து வெளியே போன நீரைச் சோதித்தது. ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அந்த மாத்திரையைப் போட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். 2009இல் வந்த அடுத்த ஆய்வில், சுற்றுக் கிராமங்களின் கிணறுகளிலும் மருந்துகள் இருந்தது தெரிந்தது. இப்படிப்பட்ட நீரில் வாழும் கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகின்றன. பழகிய கிருமி நம்மைத் தாக்கினால், டாக்டர் கொடுக்கும் மாத்திரை வேலை செய்யாது.

நம் ஊரிலும் இதற்கு ஒரு பங்கு இருக்கிறது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கும் கடைகள் எத்தனை! காய்ச்சல் என்றால் நாலைந்து வகை மாத்திரையை ஒரு சின்னப் பொட்டலத்தில் கலந்து கொடுப்பார்கள். ஒரு நாள் போட்டுவிட்டு மீதியைத் தூக்கிப்போடுவோம். என் தம்பி மகனுக்கு டைபாய்டு வந்தபோது முதல் மருந்து கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை. மூன்றாவது மருந்துக்குத்தான் காய்ச்சல் இறங்கியது. அந்த 11 நாட்களும் அவன் அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அவன் குடித்த தண்ணீர் எது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பூஜி நமக்கு, குழாய் அவர்களுக்கு

இப்போது யாங்கோன் நகரத்தின் தண்ணீரைப் பார்ப்போம். ஆங்கிலேயர் காலத்தில் நகரத்துக்குள்ளேயே இருந்த காண்டோஜி, இன்யா ஏரிகளிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். ஊர் பெருகப் பெருக வடக்கே நகர்ந்தார்கள். 1904இல் லோகா, 1940இல் ஜோப்யூ, 1992இல் நம் பூஜி, 2005இல் ங்காமோயெய்க். பூஜியின் தண்ணீர் குழாயில் தெற்கே போகிறது. என் தெருவில் இருப்பவர்கள் கிணற்றிலும் ஆழ்துளையிலும் இறைக்கிறார்கள். நீர்த்தேக்கம் நம் பக்கம், குழாய் அவர்கள் பக்கம். நகரத்துக்காரர்கள்மீது எனக்குப் பொறாமை இல்லை. ஏனென்றால் அவர்கள் நிலைமையும் அப்படி ஒன்றும் மெச்சும்படி இல்லை.

ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் யாங்கோன் மாநகராட்சியோடு சேர்ந்து 2010களில் ஒரு பெரிய ஆய்வு செய்தது. அந்தக் காலத்தில் நகர மக்களில் பாதிப்பேருக்குக்கூடக் குழாய் நீர் எட்டவில்லை. போன நீரிலும் சுமார் பாதி கணக்கில் வராமல் ஒழுகியும் மறைந்தும் போனது. பல நீர்த்தேக்கங்களின் தண்ணீர் வடிகட்டாமலே குழாயில் போனது. ஒழுகும் குழாயில் ஓர் ஆபத்து இருக்கிறது. தண்ணீர் வரும்போது ஓட்டை வழியாக வெளியே பீய்ச்சும். தண்ணீர் நின்றதும் அழுத்தம் குறைந்து, வெளியே தேங்கிக் கிடக்கிற சாக்கடையை அதே ஓட்டை உள்ளே இழுக்கும். மின்சாரம் போய் பம்பு நிற்கும்போதெல்லாம் இது நடக்கலாம்.

சாக்கடைக்கும் ஒரு கதை உண்டு. ரங்கூன் நகர மையத்தில் 1890 வாக்கில் ஷோன் என்பவரின் முறையில், அழுத்தக் காற்றால் கழிவைத் தள்ளும் குழாய்களைப் போட்டார்கள். 40,000 பேருக்காகப் போட்டது. அந்தக் கழிவைச் சுத்திகரிக்க நிலையம் வந்தது 2005இல்தான். நூறு வருஷத்துக்கும் மேல் அது ஆற்றுக்குத்தான் போனது. நகர மையத்தை விட்டு வெளியே வந்தால் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு குழிதான். அதாவது நாட்டின் மிகப் பெரிய ஊரில் பெரும்பாலோரின் கழிவு மண்ணுக்குள் போகிறது, ஏராளமானோரின் குடிநீர் மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. இரண்டுக்கும் நடுவே எத்தனை எட்டு என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை.

சிங்கப்பூர்ப் பிள்ளைகள் சொல்லட்டும்

'கழிவு கலந்த தண்ணீரா, சீ!' என்று முகம் சுளிப்பதுதான் தீர்வென்றால், சிங்கப்பூரில் இருக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள்? அங்கே 2003இலிருந்து கழிவுநீரையே நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு, புற ஊதாக் கதிர் எல்லாம் தாண்டவைத்து நியூவாட்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வறட்சிக் காலத்தில் நீர்த்தேக்கங்களிலும் சேர்க்கிறார்கள். மக்கள் குடிக்கிறார்கள். ஏன் பயப்படவில்லை? மூடி மறைக்காமல், ஓயாமல் சோதித்து, சோதித்ததைச் சொன்னதால். கழிவிலிருந்து வந்தது என்பது குறை இல்லை. தெரியாமல் குடிப்பதுதான் குறை.

ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி. 2024 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் நகரக் கழிவுநீர்ச் சட்டத்தைத் திருத்தியது. மருந்து, அழகுசாதனப் பொருட்களின் எச்சத்தை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்கிறது. அதை எதிர்த்து நிறுவனங்கள் வழக்குக்குப் போயிருக்கின்றன. அங்கே யார் காசு கொடுப்பது என்று சண்டை போடும் அளவுக்கு விஷயம் வந்துவிட்டது. தடத்தைத் தேடிப் பார்த்ததால்தான் அந்தச் சண்டையே வந்தது. நம் ஊரில் இன்னும் மாட்டோடுதான் சண்டை.

காய்ச்சுவதும் பாட்டில் வாங்குவதும் தப்பு என்று நான் சொல்லவில்லை. காய்ச்சுங்கள், கட்டாயம் காய்ச்சுங்கள். கிருமி சாகும். ஆனால் காய்ச்சினால் மருந்தும் நைட்ரேட்டும் போகாது. குழியிலிருந்து கிணற்றுக்கு வரும் வழியும் அடைபடாது. பாட்டில் வாங்கினால் வாங்குகிறவர் தப்பிப்பார். வாங்க முடியாதவர் அதே கிணற்றடியில் நிற்பார். வசதி உள்ளவர்கள் எல்லாரும் பாட்டிலுக்குப் போய்விட்டால், கிணற்றைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது. எனக்குப் பெரிய பயம் அதுதான்.

நாம் செய்யக்கூடியது

முதலில், எண்ணுங்கள். நீங்கள் மாவ்பியில் இருந்தாலும், டாலாவில் இருந்தாலும், லீவுக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குத் தஞ்சாவூரோ யாழ்ப்பாணமோ போனாலும், கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே எத்தனை எட்டு என்று எண்ணி ஒரு காகிதத்தில் படம் போடுங்கள். கோடையில் ஒன்று, மழையில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு முறை கறுக்கிற குப்பிச் சோதனை செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் படி இதுதான், செலவும் குறைவு.

அடுத்து, வெளிநாட்டில் வேதியியல், சுற்றுச்சூழல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு. நானோகிராம் அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும். அது மாவ்பியில் இல்லை. உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கலாம். 60 மருந்தை அளக்க வேண்டாம். காஃபீன், கார்பமாசெபின், ஒரு செயற்கை இனிப்பு: இந்த மூன்று போதும். உங்கள் பேராசிரியரிடம் போய், 'எங்கள் தாத்தா ஊரில் பத்துக் கிணறு இருக்கிறது, என் ஆய்வுக்கு அதை எடுத்துக்கொள்ளலாமா' என்று கேளுங்கள். நீரை எப்படி எடுப்பது, எப்படிக் குளிரில் வைப்பது, எந்த அனுமதியோடு அனுப்புவது என்று அவர்கள் சொல்லித் தருவார்கள். குப்பியில் நீர் மொண்டு, நாளும் நேரமும் எழுதி ஒட்ட இங்கே நான் இருக்கிறேன், என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருக்கிறது.

மூன்றாவது, எல்லாருக்கும். மீந்த மாத்திரையைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடைக்காரர் திருப்பி வாங்கினால் கொடுங்கள். இல்லையென்றால் மண்ணோடு பிசைந்து, உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கலந்து கட்டிய பொட்டலத்தை வாங்காதீர்கள். உங்கள் அம்மா அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, முடிவு எதுவானாலும் அதை எழுதிக் கோயில் பலகையில் ஒட்ட வேண்டும். தமிழிலும் பர்மியிலும். மாட்டுத் தொழுவத்தால் என்று வந்தால் அந்தப் பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். குழியால் என்று வந்தால், குழியை மாற்றுகிற செலவுக்கு நன்கொடைப் புத்தகத்தில் முதல் பெயர் என்னுடையது.

கமிட்டியில் இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, தம்பி தங்கைகளே. திஞ்சானுக்குத் திஞ்சான் வெயிலில் நின்று வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் அவர்கள்தான். நானும் அவர்களில் ஒருவன்தான். கொடுக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று அந்த 12 வயதுப் பெண் சொல்லித்தந்தாள்.

அடுத்த திஞ்சானுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. பந்தலில் பாட்டில் இருக்கும். பானையைத் திரும்ப வைக்கலாமா என்று அவள் கேட்பாள். அவளுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். உங்களில் யாருடைய ஆய்வகத்தில் அந்த இயந்திரம் இருக்கிறது?

அன்புடன்,
மாவ்பியிலிருந்து உங்கள் சயா